இடைக்கால வீடும் காப்பீட்டுப் பணமும்: அமெரிக்க வாடகைச் சந்தையின் ஒரு பிரிவு குறித்த ஆய்வு

அமெரிக்காவில் ஒரு வீடு தீயாலோ குழாய் உடைப்பாலோ குடியிருக்க இயலாததாகும்போது, அதைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதே முதலில் பேசப்படுகிறது. கட்டி முடியும்வரை அந்தக் குடும்பம் எங்கே சமைத்து, எங்கே உறங்கி, பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு அனுப்பும் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் இந்த இடைக்காலத்தை நம்பியே அங்கு ஒரு தனித் தொழில் வளர்ந்திருக்கிறது. கட்டில், மேசை, அடுப்பு, பாத்திரம் என எல்லாம் நிரப்பிய வீடுகளைச் சில மாதங்களுக்கு வாடகைக்கு விடும் உரிமையாளர்கள், அவற்றைத் தேடித் தரும் இடைநிலை நிறுவனங்கள், வாடகைக்குப் பணம் அனுப்பும் காப்பீட்டு நிறுவனங்கள் ஆகிய மூவரும் சேர்ந்து நடத்தும் இந்தச் சந்தையில், வீட்டில் வசிப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர், வீட்டைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் மூன்றாமவர். வாடகையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுப்பதால் அது எவ்வளவு உயர்ந்தாலும் குடும்பத்துக்கு நட்டமில்லை என்ற எண்ணம் இச்சந்தையில் பரவலாக உண்டு. அது எவ்வளவு தூரம் உண்மை, அதனால் யார் பாதிக்கப்படுகிறார்கள், சட்டம் அதை எப்படி எதிர்கொண்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாலிசி தருவதும் தராததும்

தீ, திருட்டு, பொறுப்பு எனத் தனித்தனியாக விற்கப்பட்ட காப்புகள் ஒரே ஆவணத்தில் இணைந்த வீட்டுக் காப்பீடு அமெரிக்காவில் 1950-இல் அறிமுகமானது. இன்று சொந்த வீடு வைத்திருப்போர் பெரும்பாலும் வாங்கும் எச்.ஓ-3 வகைப் பாலிசியில், கட்டடத்துக்கு 'ஏ', வீட்டுச் சாமான்களுக்கு 'சி' என எழுத்திட்ட பிரிவுகள் உள்ளன; வீட்டைப் பயன்படுத்த முடியாமற்போவதால் வரும் இழப்பு 'டி' பிரிவில் அடங்கும். அதன் முதன்மையான உறுப்பு கூடுதல் வாழ்க்கைச் செலவு எனப்படுவது, அதாவது குடும்பம் தன் வழக்கமான வாழ்க்கைத் தரத்தைத் தொடர்வதற்காக வழக்கத்தைவிட அதிகமாகச் செய்ய நேரும் தேவையான செலவு.

'அதிகமாக' என்ற நிபந்தனையிலேயே கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு குடும்பம் மாதம் 900 டாலருக்குச் சமைத்துச் சாப்பிட்டு வந்தது என்றும், அடுப்பில்லாத ஓட்டல் அறையில் தங்கியபோது உணவுக்கு 2,100 டாலர் ஆனது என்றும் கொண்டால், காப்பீடு தருவது 1,200 டாலர் மட்டுமே. வீட்டுக் கடன் வைத்திருப்பவர், வீடே சாம்பலானாலும் வங்கித் தவணையைக் கட்டியாக வேண்டும் என்பதால், புதிய வாடகை முழுவதும் அவருக்குக் கூடுதல் செலவாகிறது. வாடகைக்குக் குடியிருந்தவரின் நிலை வேறு: பழைய வீட்டின் வாடகை நின்றுபோனால், இரண்டு வாடகைகளுக்கும் இடையிலான வேறுபாடே அவருக்குக் கிடைக்கும்.

இந்தப் பிரிவுக்கு வரம்பும் உண்டு. பரவலாகப் பின்பற்றப்படும் பொதுப் படிவத்தில் எச்.ஓ-3 பாலிசிக்கு அது கட்டடத் தொகையில் 30 விழுக்காடு. கட்டடம் 6,00,000 டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தால் 1,80,000 டாலர் கிடைக்கும். வாடகைதாரர் பாலிசியில் கட்டடமே இல்லாததால் அந்த 30 விழுக்காடு சாமான்களின் தொகையிலிருந்து கணக்கிடப்படுகிறது; 30,000 டாலர் மதிப்புள்ள சாமான்களுக்குக் காப்பீடு செய்தவருக்கு மொத்தம் 9,000 டாலரே உண்டு, அது பெருநகரம் ஒன்றில் சில மாதங்களுக்குக்கூடப் போதாது. சில நிறுவனங்கள் தொகை வரம்பு வைக்காமல், உண்மையில் ஆகும் கூடுதல் செலவை 12 அல்லது 24 மாதங்களுக்குத் தருவதாக எழுதுகின்றன. ஆக, ஒரு வகையில் பணம் தீர்வதும் மற்றொரு வகையில் காலம் தீர்வதும் எல்லையாகின்றன.

முதல் வகையில் வாடகைக்கும் காலத்துக்கும் உள்ள உறவு நேரடியானது. மேற்சொன்ன 1,80,000 டாலர் மாதம் 6,000 டாலர் வாடகையில் 30 மாதங்களுக்கும், 10,000 டாலர் வாடகையில் 18 மாதங்களுக்கும் வரும். வீட்டைக் கட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆனால், முதல் குடும்பம் தன் வீட்டுக்குத் திரும்பும்வரை தாக்குப்பிடிக்கும். இரண்டாவது குடும்பம் கடைசி ஆறு மாதங்களுக்கு வங்கித் தவணையையும் வாடகையையும் ஒருசேரத் தன் கையிலிருந்து கட்ட நேரும். எனவே 'காப்பீட்டு நிறுவனம் கொடுக்கிறது' என்று உரிமையாளர் கூட்டிக் கேட்கும் ஒவ்வொரு டாலரும் நிறுவனத்தின் கருவூலத்திலிருந்து போவதைவிட, அந்தக் குடும்பத்தின் மிச்சமுள்ள மாதங்களிலிருந்தே போகிறது எனலாம்.

பாலிசி தராதவற்றையும் குறிப்பிட வேண்டும். கூட்டாட்சி அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கட்டடத்துக்கும் சாமானுக்கும் ஈடு தருமேயன்றி, மாற்று வீட்டுக்கான செலவைத் தருவதில்லை. அதனால் ஒரே புயலில் காற்றால் கூரை இழந்த குடும்பம் வாடகை வீட்டுக்குப் போக, வெள்ளம் புகுந்த அடுத்த வீட்டார் உறவினர் வீட்டையோ அரசு உதவியையோ நாட வேண்டியிருக்கிறது.

ஓட்டலிலிருந்து வீட்டுக்கு

காட்டுத்தீயும் புயலும் செய்தியாகின்றன என்றாலும், இத்தொழிலின் அன்றாடத் தேவை பெரும்பாலும் சிறு விபத்துகளிலிருந்து வருகிறது: அடுப்பங்கரைத் தீ, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கசிவு, குளிரில் உறைந்து வெடிக்கும் குழாய், சுவருக்குள் படரும் பூஞ்சை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸை உறைய வைத்த குளிர்காலப் புயலில் மின்சாரம் நின்றதால் எண்ணற்ற வீடுகளில் குழாய்கள் வெடித்தபோது, அன்றாடமாக வரும் இந்தத் தேவை ஒரே வாரத்தில் பெருந்திரளாக வந்தது.

நடைமுறை ஏறத்தாழ எங்கும் ஒரே மாதிரியானது. முதல் சில நாள்களுக்குக் குடும்பம் ஓட்டலில் தங்க வைக்கப்படுகிறது. பழுது சில வாரங்களுக்கு மேல் நீளும் எனத் தெரிந்தவுடன், காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பு மதிப்பீட்டாளர், அதாவது சேதத்தைக் கணக்கிட்டு ஈட்டுத் தொகையை முடிவு செய்யும் அலுவலர், மாற்றுக் குடியிருப்பு ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றிடம் வேலையை ஒப்படைக்கிறார். சி.ஆர்.எஸ். டெம்பரரி ஹவுசிங், ஏ.எல்.இ. சொல்யூஷன்ஸ் போன்றவை இத்துறையில் அறியப்பட்ட பெயர்கள். படுக்கையறைகளின் எண்ணிக்கை, நாய் பூனை உண்டா, பிள்ளைகளின் பள்ளி எங்கே, மாடிப்படி ஏற முடியாதவர் எவரேனும் இருக்கிறாரா, எத்தனை மாதம் தேவை என்ற விவரங்களை வாங்கிக்கொண்டு, அந்நிறுவனம் பொருந்தும் வீடுகளின் பட்டியலைக் குடும்பத்தின் முன் வைக்கிறது.

ஓட்டலை விட்டுச் சீக்கிரம் வெளியேற்றுவதில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அக்கறை உண்டு. இரவுக்கு 180 டாலர் வீதம் இரண்டு அறைகள் எடுத்தால் மாதம் 10,800 டாலர். அதோடு ஓட்டல் சாப்பாட்டின் கூடுதல் செலவு, துணி வெளுக்கும் செலவு, நாயைக் காப்பகத்தில் விடும் செலவு எல்லாம் சேரும். இவை அனைத்தையும் நிறுத்தும் சமையலறை வீடு 6,500 டாலருக்குக் கிடைத்தால் அது எல்லோருக்கும் ஆதாயமே. ஆனால் இதே கணக்கை உரிமையாளர் தலைகீழாகப் போடுகிறார்: ஓட்டலுக்கு 10,800 கொடுப்பவர் தனக்கு ஏன் 9,000 கொடுக்கமாட்டார் என்று கேட்கிறார். ஓட்டல் கட்டணம் இவ்வாறு வாடகைப் பேரத்தில் மறைமுகமான அளவுகோலாகிவிடுகிறது.

அறைகலன்களின் பங்கு

வெறும் வீடு இக்குடும்பங்களுக்குப் பயன்படாது. வீட்டோடு கட்டிலும் கரண்டியும் போயிருக்கும். அல்லது புகை படிந்த சாமான்கள் துப்புரவுக்காகக் கிடங்கில் இருக்கும். இந்தத் தேவை இரண்டு வழிகளில் நிறைவேறுகிறது. முதலாவது, ஏற்கெனவே எல்லாம் நிரப்பப்பட்ட வீட்டை எடுப்பது. ஊர் ஊராகச் சென்று சில மாதங்கள் பணிபுரியும் செவிலியருக்காக உருவான ஃபர்னிஷ்டு ஃபைண்டர் போன்ற தளங்களில் பதிவான வீடுகளும், சுற்றுலா வாடகையிலிருந்து மாறி வரும் வீடுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது, காலி வீட்டை எடுத்து, 'கார்ட்' போன்ற அறைகலன் வாடகை நிறுவனங்களிடமிருந்து சாமான்களைத் தருவித்து நிரப்புவது. இரண்டாம் வழியில் பள்ளிக்கு அருகிலேயே வீடு தேடும் வாய்ப்பு விரிவடைகிறது. ஆனால் வீட்டு வாடகை, சாமான் வாடகை, ஏற்றி இறக்கும் கூலி என மூன்று செலவுகளும் ஒரே வரம்புத் தொகையிலிருந்து கழிகின்றன.

சுற்றுலாப் பயணிக்காக அமைத்த வீட்டுக்கும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு வேண்டிய வீட்டுக்கும் வேறுபாடு உண்டு. விடுமுறைக்கு வருபவருக்கு நான்கு தட்டும் ஒரு தோசைக்கல் அளவுள்ள வாணலியும் போதும். ஓராண்டு தங்கும் குடும்பத்துக்குப் பெரிய பாத்திரங்கள், துணி துவைக்கும் இயந்திரம், பிள்ளைகள் படிக்க மேசை, பெட்டிகள் வைக்க இடம், வேலை செய்ய வலுவான இணைய இணைப்பு எல்லாம் தேவை. உரிமையாளர் ஒவ்வொரு சாமானையும் பட்டியலிட்டு, படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பின்பே சாவியைக் கொடுப்பது இத்தொழிலின் அடிப்படைப் பழக்கம். வெளியேறும் நாளில் முன்பணத்தைப் பிடித்தம் செய்வதா திருப்பித் தருவதா என்ற சச்சரவை அந்தப் பட்டியலே தீர்க்கிறது.

உரிமையாளரின் ஆதாயமும் இடரும்

உரிமையாளரைப் பொறுத்தவரை இவ்வகை வாடகை கவர்ச்சியானது. பணம் ஒரு நிறுவனத்திடமிருந்து வருகிறது. சுற்றுலா வாடகையைப் போல இரண்டு நாளுக்கு ஒருமுறை விரிப்பு மாற்ற வேண்டியதில்லை. முப்பது நாளுக்கு மேற்பட்ட வாடகை என்பதால் குறுகிய கால வாடகைக்குப் பல நகரங்கள் விதிக்கும் உரிமக் கட்டுப்பாடும் தங்கல் வரியும் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

இடர்களுள் முதலாவது காலம் பற்றியது. பழுது எப்போது முடியும் என்பதை ஒப்பந்தக்காரரோ நகராட்சி ஆய்வாளரோ உறுதியாகச் சொல்ல இயலாது. பாலிசியோ பழுதுபார்க்கத் தேவையான மிகக் குறைந்த காலத்துக்கே பணம் தரும். எனவே காப்பீட்டு நிறுவனம் குறுகிய ஒப்பந்தத்தையும் மாதந்தோறும் நீட்டிக்கும் உரிமையையும் கேட்க, உரிமையாளர் ஓராண்டு உறுதியைக் கேட்பார். குறைந்தபட்சக் காலம் ஒன்றை வைத்து, அதன்பின் முப்பது நாள் முன்னறிவிப்புடன் விலகலாம் என்பது வழக்கமான சமரசம்.

இரண்டாவது இடர், வாடகைதாரர் யார் என்பது. சில ஒப்பந்தங்களில் ஏற்பாட்டு நிறுவனமே வீட்டை எடுத்துக் குடும்பத்துக்கு உள்வாடகைக்கு விடுகிறது. வேறு சிலவற்றில் குடும்பம் கையெழுத்திட, காப்பீட்டு நிறுவனம் பணம் மட்டும் அனுப்புகிறது. பணம் வந்துகொண்டிருக்கும்வரை இந்த வேறுபாடு தெரிவதில்லை. வரம்பு தீர்ந்த மாதத்தில்தான் அது தெரியும்: இரண்டாம் வகையில் காப்பீட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள, சட்டப்படி கடன்பட்டவராகக் குடும்பமே எஞ்சுகிறது. முதல் வகையிலும் குடும்பத்துக்கு ஒரு கவலை உண்டு. ஏற்பாட்டு நிறுவனம் உரிமையாளருக்குக் கொடுக்கும் வாடகைக்கும் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கும் தொகைக்கும் இடையில் கட்டணம் சேர்ந்திருந்தால், அதுவும் குடும்பத்தின் வரம்பிலிருந்தே கழியக்கூடும். ஆகவே வரம்பில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்ற கணக்கை மாதந்தோறும் எழுத்தில் கேட்டுப் பெறுவது குடும்பத்துக்குப் பயன் தரும்.

பேரிடரில் சந்தை

தனி விபத்துகளில் ஒரு குடும்பம் பல வீடுகளுள் ஒன்றைத் தேர்கிறது. பேரிடரில் பல குடும்பங்கள் ஒரு வீட்டுக்குப் போட்டியிடுகின்றன. 2017 அக்டோபரில் டப்ஸ் தீ, கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசா நகரில் ஏறத்தாழ 3,000 வீடுகளை, நகரின் மொத்த வீடுகளில் சுமார் 5 விழுக்காட்டை, எரித்தது. 2018 நவம்பர் 8-இல் தொடங்கிய கேம்ப் தீ 85 உயிர்களையும் 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் கொண்டுபோனபின், பாரடைஸ் நகரத்தாரில் பெரும் பகுதியினர் அருகிலுள்ள சிக்கோவில் ஒதுங்கினர். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் பேலிசேட்ஸ், ஈட்டன் தீகள் இரண்டும் சேர்ந்து 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. இவ்விடங்களில் காப்பீட்டுப் பணத்தோடு வருபவரும், காப்பீடே இல்லாமல் வருபவரும், தீக்குச் சம்பந்தமில்லாமல் வேலை மாற்றத்துக்காக வீடு தேடுபவரும் ஒரே வரிசையில் நின்றனர். மாதக் கணக்கில் முன்கூட்டியே வாடகை கட்டக்கூடியவர் முன்னால் போய்விட்டார்.

இந்த அனுபவத்துக்குச் சட்டம் தந்த விடை கலிஃபோர்னியத் தண்டனைச் சட்டத்தின் 396-ஆம் பிரிவில் காணப்படுகிறது. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட பகுதியில் வாடகையை முந்தைய அளவிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவது குற்றம். மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்கப்படலாம். இருக்கும் வாடகைதாரரை வெளியேற்றிவிட்டு அவரிடம் கேட்டிருக்கக்கூடிய தொகைக்கு மேல் இன்னொருவரிடம் வாங்குவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. முன்பு வெறும் வீடாக விடப்பட்டது இப்போது முழுமையாக அறைகலன்களுடன் விடப்பட்டால், அதற்காக 5 விழுக்காடு மட்டுமே கூட்டலாம். ஒப்பந்தக் காலம் குறுகியது என்பதையோ, வாடகையைக் காப்பீட்டு நிறுவனமோ வேறு மூன்றாம் தரப்போ கொடுத்தது என்பதையோ எதிர்வாதமாக முன்வைக்க முடியாது என்றும் அப்பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது. பணம் யாருடையது என்பதை விலையின் நியாயத்தோடு இணைக்கக் கூடாது என்ற கொள்கையே இதன் உள்ளடக்கம்.

முந்தைய ஓராண்டில் வாடகைக்கே விடப்படாத வீட்டுக்கு வேறு அளவுகோல் தேவைப்பட்டது. கூட்டாட்சி வீட்டுவசதித் துறை ஒவ்வொரு பகுதிக்கும் அறிவிக்கும் நியாய வாடகையில் 160 விழுக்காடு என்பதே அதன் உச்சவரம்பு. அந்த நியாய வாடகையோ, ஒரு பகுதியின் வாடகைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் கீழிருந்து நாற்பதாவது விழுக்காட்டில் நிற்கும் தொகையை அடிப்படையாகக் கொண்டது. எளிய குடும்பங்களுக்கு வாடகை உதவி வழங்க வகுக்கப்பட்டது. பெரிய வசதியான வீடுகளுக்கு அது குறைவாகவே இருக்கும் என்பதால், அத்தகைய வீட்டைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர நினைப்பவர் பின்வாங்கக்கூடும். வீடுகள் மிகவும் தேவைப்படும் நேரத்தில் வரத்தை இது குறைக்கும் என்ற எதிர்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் வரம்பை நீக்கினால் சந்தைக்கு வரும் வீடுகள் மிகப் பெரிய பாலிசி வைத்திருப்போருக்கே பயன்படும் என்பதும், மற்றவர்களின் மாதங்கள் விரைவில் தீரும் என்பதும் அதே அளவு உண்மை.

ஹவாயின் மாவி தீவு இதே சிக்கலை வேறு வடிவில் காட்டியது. 2023 ஆகஸ்ட் 8-இல் லஹைனா நகரம் எரிந்தபின், மூன்றாம் தரப்பாகப் பணம் கொடுத்தது கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா. இடம்பெயர்ந்தோருக்காக அது நேரடியாகக் குத்தகைக்கு எடுத்த வீடுகளுக்குக் கொடுத்த வாடகை சந்தை அளவைவிட உயர்ந்திருந்ததால், ஏற்கெனவே குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு அந்தத் திட்டத்தில் சேர உரிமையாளர்களுக்குத் தூண்டுதல் ஏற்பட்டது. வீடிழந்தவருக்கு வீடு தரும் முயற்சியே வேறு சிலரை வீடற்றவராக்கக்கூடும் என்பதும், பணம் கொடுப்பவர் தனியார் நிறுவனமாயினும் அரசாயினும் விளைவு மாறுவதில்லை என்பதும் அங்கே வெளிப்பட்டன.

காலம் என்னும் வரம்பு

வாடகையைக் கட்டுப்படுத்துவது ஒரு வழி. காலத்தை நீட்டுவது மற்றொரு வழி. கலிஃபோர்னியக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட பேரிடரில் கூடுதல் வாழ்க்கைச் செலவுக்கான காப்பு 24 மாதங்களுக்குக் குறையக் கூடாது. குடும்பத்தின் கையில் இல்லாத காரணங்களால், எடுத்துக்காட்டாகக் கட்டட அனுமதித் தாமதத்தால், பணி நீண்டால் மேலும் 12 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். வீட்டை முழுமையாக இழந்த குடும்பம் கேட்டால், குறைந்தது நான்கு மாதச் செலவை முன்பணமாகத் தர வேண்டும். ஆனால் இந்த 24 மாதங்கள் பாலிசியின் தொகை வரம்பை உயர்த்துவதில்லை. 18 மாதத்தில் பணம் தீர்ந்த குடும்பத்துக்கு எஞ்சிய ஆறு மாத உரிமை ஏட்டில்தான் இருக்கும். காலச் சட்டம் பயனளிக்க வேண்டுமானால் வாடகைச் சட்டமும் உடன் செயல்பட வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

எரியாமல் நிற்கும் வீடுகள் இன்னொரு வினாவை எழுப்புகின்றன. ஈட்டன் தீக்குப் பின் ஆல்டடீனாவில் சுவரும் கூரையும் குலையாமல் நின்ற வீடுகளுக்குள் புகையும் சாம்பலும் படிந்திருந்தன. பழைய வீடுகள் எரிந்த சாம்பலில் ஈயமும் கல்நாரும் கலந்திருக்கும் என்ற அச்சத்தில் குடும்பங்கள் திரும்பத் தயங்கின. வீடு குடியிருக்கத் தக்கதா என்ற முடிவைப் பொறுத்தே மாற்று வீட்டின் வாடகை தொடரும் அல்லது நிற்கும் என்பதால், சோதனையை யார் செய்வது, எந்த அளவு பாதுகாப்பானது என்ற அறிவியல் கேள்விகள் வாடகைக் கேள்விகளாக மாறின.

வரிச் சட்டத்திலும் இந்தப் பணத்துக்குத் தனி இடம் உண்டு. பொதுவாக, உண்மையில் கூடிய செலவுக்கு மேல் காப்பீட்டிலிருந்து பெற்ற தொகை வரிக்கு உட்பட்ட வருமானம். கூட்டாட்சி அரசு பேரிடர்ப் பகுதியாக அறிவித்த இடத்தில் அந்த வரியும் இல்லை. உரிமையாளர் பெறும் வாடகைக்கு இச்சலுகை கிடையாது.

மாற்று வீட்டுக்கான காப்புக்கு இணையான ஏற்பாடு இந்தியாவிலும் உண்டு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவரைவு வீட்டுப் பாலிசியில் மாற்று வீட்டுக்கான வாடகையும் உள்ளடங்கியிருக்கிறது. அமெரிக்காவிலுள்ளதைப் போல வீடு தேடி நிரப்பித் தரும் இடைநிலைத் தொழில் இங்கு வேரூன்றவில்லை. பாலிசி பரவும்போது அத்தொழிலும் வரக்கூடும்.

முடிவாக

இச்சந்தையின் குறைகளுக்கு ஒரு தரப்பை மட்டும் பொறுப்பாக்குவது எளிது, ஆனால் பொருந்தாது. உரிமையாளர் கிடைக்கும் விலையைக் கேட்கிறார். இழப்பு மதிப்பீட்டாளர் ஓட்டல் செலவைக் குறைக்கப் பார்க்கிறார். ஏற்பாட்டு நிறுவனம் விரைவில் வேலையை முடிக்கப் பார்க்கிறது. குடும்பம், தன் பணம் செலவாகவில்லை என்ற நம்பிக்கையில், விலையைக் கேளாமல் வீட்டைப் பார்க்கிறது. நால்வரும் தத்தம் நிலையில் நியாயமாகவே நடக்க, விலையைக் கட்டுப்படுத்த வேண்டிய கை மட்டும் எவரிடமும் இல்லாமற்போகிறது. கலிஃபோர்னியச் சட்டம் அந்தக் கையை நெருக்கடிக் காலத்தில் மட்டும் அரசுக்குக் கொடுத்திருக்கிறது; அன்றாட விபத்துகளில் அது இன்னும் வெற்றிடமே. அதை நிரப்பப் பெரிய சீர்திருத்தம் வேண்டியதில்லை: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இந்த வாடகையில் பாலிசியின் தொகை எத்தனை மாதங்களுக்கு வரும், பழுதுபார்க்க எத்தனை மாதங்கள் ஆகும் என்ற இரண்டு எண்களையும் காப்பீட்டு நிறுவனம் குடும்பத்தின் முன் அருகருகே எழுதி வைக்கக் கடமைப்பட்டிருந்தால், செலவாவது யாருடைய பணம் என்பதைக் குடும்பம் முதல் நாளே அறிந்துகொள்ளும்; பேரம் பேசக் காரணமுள்ள ஒருவர் அப்போதுதான் இச்சந்தைக்குள் வருவார்.